லூடோவிக் தமிழனாக்கப்பட்ட வரலாறு

மனிதனுக்கு வேர் உண்டு என்பது பரிஸ் உலகத் தமிழர் வேர்க் கழகத்தின் சட்டயாப்பில் முதலாம் உறுப்புரை. அந்த வேரைக் கண்டுபிடித்து முத்திரை குத்தும் அதிகாரம் கழகத்துக்கே உண்டு என்பது இரண்டாம் உறுப்புரை. மூன்றாவது, தலைவரின் அதிகாரங்கள் பற்றியது. அது மற்ற இரண்டையும் விட நீளம்.

கழகத்தின் தலைமையகம் பரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்ற வீதியில், வரதராசாவின் கடைப் பின்னறை. வரதராசா யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணச் சாமான் வியாபாரி. மணவறை, மாலை, நிறைகுடம், அழைப்பிதழ் எல்லாம் அவரிடம் கிடைக்கும். பரிசிலும் சுற்றுப்புறத்திலும் கல்யாணம் கட்டிய தமிழர்களில் பாதிப்பேர் அவருடைய சிவப்பு வெல்வெட் கதிரைகளில் இருந்துதான் கட்டினார்கள். பின்னறை அவருடையது என்பதால் அவரே செயலாளர். கூட்டம் என்றால் மணவறைத் தூண்களை ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளைக் கதிரையில் தலைவர் அமர்வார். பொம்பிளைக் கதிரையில் தலைவரின் கோட்டு அமரும்.

தலைவர் ராதாகிருஷ்ணன் புதுச்சேரிக்காரர், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன், ஒரு அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். மற்றவர்கள் ஓய்வுபெற்றால் ஊர் சுற்றுவார்கள். இவர், ‘இதில் ஒரு தாள் குறைகிறது’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப இனி யாரும் வரமாட்டார்களே என்று மெலிந்து போனார். அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் கழகமும், அதன் தமிழ் வம்சாவளி உறுதிப்படுத்தும் உபகுழுவும். ஒரு காலத்தில் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழரின் வாரிசுகள் பரிசில் ஏராளம். வேர் தேடுவது இப்போது பெரிய நாகரிகம். அவர்கள் கண்ணீரோடு வந்து கேட்பார்கள், நாம் எடுத்துக் கொடுப்போம் என்பது திட்டம். முத்திரை செய்தாயிற்று. முத்திரைக்கு மை வாங்கியாயிற்று. மை காய்ந்தும் போயிற்று. ஒருவரும் கண்ணீரோடு வரவில்லை.

நிற்க. வரதராசாவுக்கு ஒரே மகள், யசோதினி. மருந்துக்கடையில் வேலை. தமிழ் நன்றாக விளங்கும், பதில் பிரெஞ்சில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள், தான் லூடோவிக் என்பவரைக் கல்யாணம் செய்யப்போவதாகவும், ஜூன் மாதம் ஓல்னே நகரசபையில் பதிவு என்றும், “நீங்கள் வந்தால் சந்தோசப்படுவேன்” என்றும் சொன்னாள். வரதராசாவுக்கு மற்றதெல்லாம் பிறகுதான் காதில் ஏறியது. ‘வந்தால்’ என்ற சொல்லில் அவர் சோற்றைப் பிசைந்தபடியே நின்றுவிட்டார். ஊராரின் பிள்ளைகளுக்கெல்லாம் மணவறை கட்டியவர், தன் பிள்ளையின் கல்யாணத்துக்கு ‘வந்தால்’.

அவள் கைபேசியில் படத்தைக் காட்டினாள். தாய் கோசலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“கறுவலோ?”

“அம்மா, அந்தச் சொல் இந்த வீட்டில் இனிமேல் வேண்டாம். அவர் குவாதலூப் ஆள். ரயில் ஓட்டுகிறார்.”

“குவாதலூப் எங்கை இருக்கு?”

“பிரான்சில்.”

“பிரான்சில எவடத்தில?”

“கடலுக்கு அந்தப் பக்கம்.”

கோசலை கண்ணாடியைக் கழற்றினாள். பிரான்ஸ் கடலுக்கு இந்தப் பக்கத்தோடு முடிகிறது என்று நம்பித்தான் அவள் இத்தனை வருசம் வரி கட்டியிருந்தாள்.

வரதராசா பயந்து பயந்து ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். குடும்பத்தில் எதற்கும் கடைசித் தீர்ப்பு அவவுடையது. அக்கா ஒரு பெருமூச்சு விட்டா. “என்ன செய்யிறது தம்பி. வெளிநாட்டில வளர்ந்த பிள்ளையள். வேலை இருக்குத்தானே? நல்லாயிருக்கட்டும்.” அந்த அளவில் விசயம் முடிந்திருக்கும். வரதராசாதான் விடவில்லை. அக்காவின் பெருமூச்சு அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டது. சபையில் நிமிர்ந்து நிற்க ஏதாவது ஒன்று, சின்னதாக என்றாலும் ஒன்று வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த கிழமை யசோதினி லூடோவிக்கைக் கடைக்கே கூட்டி வந்தாள். உயரமான, சிரித்த முகமான பிள்ளை. கையில் ஒரு கேக்குப் பெட்டி. வரதராசா அவனுக்கு மெசினில் ஒரு கோப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிரெஞ்சில் விசாரித்தார்.

“ஆபிரிக்காவில் உங்களுக்கு எந்த இடம்?”

“நான் ஆபிரிக்காவுக்குப் போனதே இல்லை, முசியே. பள்ளிக்கூடத்தில் நான் கறுப்பன். விடுமுறைக்குக் குவாதலூப் போனால், பரிஸ்காரன் வந்துவிட்டான் என்பார்கள். வீதியில் மறித்துச் சோதிப்பவர்கள், எந்த நாடு என்று கேட்பார்கள்.”

“அதற்கு என்ன சொல்லுவீர்கள்?”

“வில்லியே லே பெல், பரிசின் புறநகர் என்று சொல்லுவேன். உண்மை அதுதான். ஆனால் அந்தப் பதில் யாருக்குமே பிடிப்பதில்லை.”

வரதராசாவுக்கும் பிடிக்கவில்லை. பெடியன் கோப்பியைக் குடித்துக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தான். புதுமனை குடிபூரலுக்கென்று விற்பனைக்கு வைத்திருந்த மாரியம்மன் படத்தின் முன்னால் நின்றான்.

“இவளை எனக்குத் தெரியும். என் அப்பாவின் பாட்டி மரி-லூயிஸ் இவளைத்தான் கும்பிட்டாளாம். அவள் கப்பலில் வந்த இந்தியர்களின் மகள். மரி-லூயிஸ் என்பது கோயில்பற்றில் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த பெயர். உண்மைப் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.”

“கோசலை!” என்று வரதராசா பின்னறைப் பக்கம் திரும்பித் தமிழில் கத்தினார். “உந்தக் கோப்பியை எடும்! இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவாரும்! பெடியன் எங்கட பெடியன்!”

“ஒரே ஒருத்திதான், முசியே,” என்றான் லூடோவிக் கூச்சத்தோடு. “என் பூட்டன் பூட்டிமார் எட்டுப் பேரில் ஒருத்தி. மற்ற ஏழு பேரும்...”

“மற்ற ஏழு பேரும் இதில் தலையிடத் தேவையில்லை,” என்றார் வரதராசா.

லூடோவிக்குக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. இந்தக் கதை தன் தகப்பனின் காதுக்குப் போகக்கூடாது. அந்தத் தகப்பனையும் இங்கே அறிமுகப்படுத்துவது முறை.

றொஜர், தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். குவாதலூப்பில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ‘எங்கள் முன்னோர் நீலக் கண் படைத்த கோல் இனத்தவர்’ என்று, பிரான்சின் ஆதி வெள்ளையரைப் பற்றிய பாடத்தை வகுப்பில் எழும்பி நின்று ஒப்புவித்தவர். பரிசுக்கு வந்த முதல் கிழமையே, அவருடைய முன்னோர் அவர்கள் அல்லர் என்று பலபேர் வீதியில் வைத்துத் தெரியப்படுத்தினார்கள். ஓய்வுபெற்ற பிறகு, பிரான்சில் அதற்குத் தடை என்பதால் எச்சிலைக் குழாயில் அடைத்து லண்டனிலுள்ள தங்கை மகள் மூலம் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி, தான் ஆபிரிக்கர் என்று தசம புள்ளிக்குப் பின்னாலும் உறுதிசெய்துகொண்டார். மரபணுவில் கால்வாசிக்குக் கிட்ட இந்தியாவும் வந்திருந்தது. அன்று மதியம் ஆட்டுக்கறி சாப்பிட்டதுதான் காரணம் என்று அவர் விளக்கம் கொடுத்தார்.

பிறகு ஆபிரிக்காவுக்குப் போனார். விமானத்தால் இறங்கி மண்ணைக் கும்பிட்டார். கிராமத்துப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, தங்கள் பாசையில் “வெள்ளைக்காரன், வெள்ளைக்காரன்” என்று பாடி ஆடினார்கள். பாசை விளங்காதபடியால் அதை வரவேற்புப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார். விளங்கப்படுத்தியது ஓட்டலில் வேலை செய்த ஆள். திரும்பி வந்து, ஆபிரிக்க மண்ணுக்குத் திரும்புவோர் ஒன்றியம் என்று வில்லியே லே பெல்லில் ஒரு சங்கம் தொடங்கினார். அதில் இதுவரை ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் பெண்கள் மதராஸ் துணியில் தலைப்பாகை கட்டுவதற்கு அங்கே தடை உண்டு. குவாதலூப் பெண்ணின் கொண்டாட்ட உடையே அந்தத் துணிதான், ஆனால் அது வந்த கப்பல் சரியில்லையாம்.

றொஜரின் கோபத்தில் நியாயமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடிமைத்தளை அறுந்த அவருடைய ஆட்கள் நிமிர்ந்து நின்று நல்ல கூலி கேட்டபோது, முதலாளிமார் குறைந்த கூலிக்குக் கப்பல் கப்பலாக இந்தியரை இறக்கினார்கள். இரண்டு பகுதியும் ஒரே கரும்புத் தோட்டத்தில் ஒரே சாட்டையின் கீழே நின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அந்த முறைப்பை றொஜர் பத்திரமாக வைத்திருந்தார்.

உபகுழு கூடியது. தலைவர், செயலாளர், வராத பொருளாளருக்குப் பதிலாகக் கோசலை. தான் மாமன் முறையாகப் போவதால் விலகியிருக்கவா என்று வரதராசா கேட்டார். “அப்ப விசயம் தெரிஞ்ச ஆளுன்னு எழுதிக்குவோம்,” என்றார் ராதாகிருஷ்ணன். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் பிரெஞ்சு தெரியும். ஆனால் உபகுழுவின் அலுவல் மொழி தமிழ் என்று யாப்பு சொல்வதால், தலைவர் தமிழில் கேட்டார், யசோதினி பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். கல்யாணத்துக்கு அப்பா வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவள் லூடோவிக்கை இதற்குச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

“மொதக் கேள்வி. வீட்ல காரம் சாப்பிடுவீங்களா?”

“சாப்பிடுவோம்.”

“எழுதிக்குங்க. ரெண்டாவது. கல்யாணம், சாவுன்னா எத்தன பேரு வருவாங்க?”

“எல்லோரும்.”

“கூப்பிடாதவங்க?”

“அவர்கள்தான் முதலில் வருவார்கள்.”

தலைவர் நெகிழ்ந்து போனார். இப்படி ஒரு கோப்பு தன் சேவைக்காலத்தில் கிடைக்கவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கடைசியா ஒண்ணு. அந்தப் பாட்டியம்மா குடும்பத்துல ஏதாச்சும் தமிழ்ப் பழக்கம் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க முசியே, தொசியேவே, கோப்பே அதுலதான் நிக்குது.”

லூடோவிக் யோசித்தான். “வருசத்துக்கு ஒரு முறை அம்மனுக்கு ஆடு வெட்டுவார்களாம். மரி-லூயிஸின் தம்பிதான் ஒரே வெட்டில் வெட்டுவாராம். அவளுடைய அப்பா தப்பு அடிப்பாராம். அந்த மேளத்தை இப்போதும் அங்கே அப்படித்தான் சொல்கிறோம்.”

“தப்பு!” என்று வரதராசா மேசையில் அடித்தார். “கேட்டீரே கோசலை, கடல் தாண்டியும் தப்பு!”

சான்றிதழ் அங்கேயே எழுதப்பட்டது. ‘மேற்படி லூடோவிக் என்பவர், ஆதிநாள் தொட்டு அம்மனுக்கு ஆடு வெட்டியும் தப்பு அடித்தும் வந்த தொன்மைத் தமிழ்க் குடியின் நேரடி வாரிசு என இத்தால் சகலருக்கும் அறியத் தரப்படுகிறது.’ முத்திரையில் மை காய்ந்திருந்ததால் தலைவர் அதை மூன்று தரம் ஊதிக் குத்தினார். லூடோவிக் தாளைக் கையில் வாங்கிக் கவனமாகப் பார்த்தான். யசோதினி பக்கம் திரும்பி ஏதோ கேட்டான்.

“மரி-லூயிஸின் பெயரை இதில் போடவில்லையா என்று கேட்கிறார்,” என்றாள் யசோதினி.

“அவங்க கழகத்துல உறுப்பினர் இல்லீங்களே,” என்றார் தலைவர்.

அன்றைக்கே பொன்னாடை போர்த்து, படம் எடுத்து, சான்றிதழோடு முகநூலில் போட்டார்கள். வரதராசா தானே ஒவ்வொரு உறவினருக்கும் அதை அனுப்பினார். அவருக்குச் சபையில் நிமிர்ந்து நிற்க ஒன்று கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோசம் அக்காவின் தொலைபேசி வரும்வரை நீடித்தது.

“தம்பி, பாத்தனான். பெடியன் தமிழனாம். சந்தோசம்.”

“ஓம் அக்கா.”

“அப்ப... என்ன ஆக்கள்?”

யாழ்ப்பாணத்தவர்களில் கண்ணியமானவர்கள் சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். அது நாகரிகம் இல்லை. என்ன ஆக்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்பார்கள். போரில் வீடு போய், ஊர் போய், கையில் ஒன்றுமில்லாமல் விமானம் ஏறியவர்களும் இந்தக் கேள்வியை மட்டும் கைப்பையில் கவனமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

“அக்கா, அவன் குவாதலூப் பெடியன்...”

“அது தெரியும். முதல் நீ கறுவல் எண்டு சொன்னனி, நான் ஏதும் கேட்டனானே? அவையளுக்கு உது இல்லை. தமிழன் எண்டால் ஏதோ ஒரு ஆக்களாய்த்தானே இருக்கவேணும்?”

“அது... அந்தக் காலத்துக் கதை, தெரியாது அக்கா.”

“என்ன தெரியாது? நீங்களே முத்திரை குத்தி எழுதி வைச்சிருக்கிறியள். ஆடு வெட்டினவை, தப்பு அடிச்சவை. இதுக்கு மேலை நான் என்னத்தைக் கேக்கிறது? எனக்கு முழங்கால் வருத்தம் தம்பி, ஜூனில பிளேன் ஏற ஏலாது.”

சுவிசில் ஒரு சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு அதே நாளில் வேறு கல்யாணம் முளைத்தது. வரதராசாவின் வெல்வெட் கதிரையிலேயே இருந்து தாலி கட்டிய ஒருவர், வீதியில் அவரைக் கண்டதும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் கடந்தார். இவர்கள் போகட்டும். வரதராசாவும் அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒருதரம் கேட்டுப் பார்த்தார். வந்த பதில் அவருக்கும் பிடிக்கவில்லை. அதுதான் அவரை உண்மையில் உலுப்பியது.

“நீங்கள் சும்மா இருந்திருந்தால், அந்தப் பெடியன் தன்ரபாட்டில கறுவலாய் இருந்திருப்பான்,” என்று கோசலை புறுபுறுத்தாள்.

யசோதினி அழவில்லை, கத்தவுமில்லை. “ஒரே கிழமையில் அவருக்குப் பொன்னாடையும் போட்டு, உள்ளே ஏற்றவும் மறுத்தீர்கள், அப்பா. ஜூனில் வாருங்கள், அல்லது வராமல் விடுங்கள். வராவிட்டால் அழுவேன். ஆனால் நிறுத்தமாட்டேன்.” சொல்லிவிட்டுப் போனவள், பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

வரதராசா தலைவரிடம் ஓடினார். சான்றிதழை ரத்துச் செய்யவேண்டும், பெடியனைத் திரும்பப் பழையபடி ஆக்கவேண்டும் என்றார்.

“வேரைக் கண்டுபிடிக்கத்தாங்க நமக்கு அதிகாரம். புடுங்கறதுக்கு இல்ல.” ராதாகிருஷ்ணன் யாப்பைப் புரட்டினார். “தமிழனா இருக்கிறதுலேர்ந்து ஒருத்தர் ராஜினாமா பண்ணலாமான்னு பாத்தேன். அதுக்குத் தமிழ்ல விண்ணப்பம் எழுதணும்னு நானே போட்டு வச்சிருக்கேன். எழுதிட்டா தமிழ் தெரியும்னு ஆயிடும், விண்ணப்பம் தள்ளுபடி.”

“வேறை வழியே இல்லையே, ஐயா?”

“இருக்கு. அவரு முழுக்க முழுக்க ஆப்பிரிக்கர்னு வேற ஒரு அமைப்பு எழுதிக் குடுத்தா, நம்ம தொசியேவுல சேத்துக்கலாம். ரெண்டும் இருக்கட்டும். கோப்பு கனமா இருக்கும்.”

அப்படியாக, தன் மருமகன் கலப்பில்லாத ஆபிரிக்கன் என்று எழுதி வாங்குவதற்காக, வரதராசா முதல் முறையாகச் சம்பந்தி வீட்டுக்கு ரயிலும் பஸ்சும் ஏறி வில்லியே லே பெல் போனார். றொஜர் நீண்ட ஆபிரிக்க அங்கியில் இருப்பார் என்று எதிர்பார்த்தார். கதவைத் திறந்தவர் பழைய விளையாட்டுக் காற்சட்டையில், சவரம் செய்யாத முகத்தோடு நின்றார்.

வரதராசா தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டார். “ஐயா, உங்கள் ஒன்றியத்தில் இருந்து ஒரு கடிதம் வேண்டும். உங்கள் குடும்பத்தில் இந்தியர் யாரும் இல்லை என்று. மதியம் சாப்பிட்ட கறிதான் என்று.”

றொஜர் அவரை உள்ளே கூட்டிப் போய் இரண்டு சின்னக் கிளாசில் றம் ஊற்றினார். “ஒரு மாதத்துக்கு முதல் கேட்டிருந்தால் பாட்டாகவே பாடித் தந்திருப்பேன். உங்கள் முகநூல் படத்தை எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். மகன் இந்தியன் என்றால் தகப்பன் யார் என்றார்கள். கறிக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள்.”

“பிறகு?”

“சரி, ஆபிரிக்காவில் நீ எந்த மக்கள் என்று கேட்டார்கள். பரிசோதனை முடிவைக் காட்டினேன். கடற்கரைப் பகுதி. ‘கடற்கரைக்காரர்தானே எங்களைப் பிடித்து விற்றவர்கள்’ என்றாள் ஒருத்தி. நான் விற்றவனின் பேரனா, விற்கப்பட்டவனின் பேரனா? விற்கப்பட்டதால்தானே நான் இந்த வீட்டில் இருக்கிறேன்! அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். நான் தொடங்கிய சங்கத்தில் நான் இப்போது விசாரணையில் இருக்கிறேன்.”

வரதராசா கிளாசைக் கீழே வைத்தார். “அங்கையும் என்ன ஆக்கள் எண்டு கேக்கினமோ?” என்று தமிழிலேயே சொல்லி, பிறகு பிரெஞ்சில் பெயர்த்தார். றொஜர் மெல்லத் தலையாட்டினார். வரதராசாவின் மனதில் இருந்த பாரம் பாதி இறங்கியது. உலகத்தில் மனிதருக்கு மனிதர் இவ்வளவு ஒற்றுமை இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. றொஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு மனிதர் ஒருவரின் கையை அவர் வியாபாரம் இல்லாமல் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது கிளாசின் போது அவருக்கு யோசனை வந்தது. “ஐயா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதாக லூடோவிக் சொன்னான். நீலக் கண் முன்னோர்.”

“கோல்கள். பொய். அவர்களைத் துரத்த எனக்கு அறுபது வயதாயிற்று.”

“கல்யாணம் முடியும்வரை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கூப்பிடமாட்டீர்களா?”

றொஜர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் என்று சொல்லமுடியாது. “அவர்கள் வருவார்கள்,” என்றார். “அவர்களுக்கு எங்களிடம் வந்து பழக்கம்.”

புதிய அழைப்பிதழ் தங்க எழுத்தில் அச்சாகியது. ‘பிரெஞ்சு தேசத்தைச் சேர்ந்த திரு. றொஜர் அவர்களின் செல்வப் புதல்வன் லூடோவிக்.’ இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

“பிரெஞ்சே?” என்றா அக்கா தொலைபேசியில். “தமிழன் எண்டெல்லோ படம் போட்டனீங்கள்?”

“அது கழகம் விட்ட பிழை அக்கா. வடிவாய் விசாரிச்சதில பிரெஞ்சு.”

“அப்ப வெள்ளையே?”

“பிரெஞ்சு, அக்கா.”

“ஓ. முழங்கால் இப்ப பரவாயில்லைத் தம்பி. ரிக்கற் போடுறன்.”

அப்பா வருகிறார் என்றதும் யசோதினி நகரசபைப் பதிவோடு மணவறைக்கும் சம்மதித்திருந்தாள். எல்லோரும் வந்தார்கள். சுவிஸ் சித்தப்பாவுக்கு லீவு கிடைத்தது. லண்டன் குடும்பத்தின் மற்றக் கல்யாணம் தானாகக் கரைந்துபோனது. மணவறையில் லூடோவிக் பட்டு வேட்டியோடு இருந்ததை அக்கா பார்த்தா, அழைப்பிதழைப் பார்த்தா, பக்கத்தில் நின்ற றொஜரைப் பார்த்தா, திரும்ப அழைப்பிதழைப் பார்த்தா. அச்சில் வந்த விசயத்தை மறுக்க முடியாது. “பெடியன் வெயிலில நிண்டு வேலை செய்யிறவர் போல,” என்று பக்கத்துக் கதிரைக்குச் சொன்னா. அவன் பாதி நேரம் நிலத்துக்குக் கீழே ரயில் ஓட்டுகிறவன் என்று ஒருவரும் அவவுக்குச் சொல்லவில்லை. மகள் சிவப்பு வெல்வெட் கதிரையில் இருந்து அவரைப் பார்த்துச் சிரித்தபோது வரதராசா வாய்விட்டு அழுதார். அவர் வந்துவிட்டார். ‘வந்தால்’ என்ற சொல்லை அவர் வென்றுவிட்டார்.

அதன்பிறகு நல்ல காரியங்கள் நடந்தன. உபகுழு கலைக்கப்பட்டது. றொஜர் ஒன்றியத்தில் இருந்து தானாகவே விலகினார். இரண்டு சம்பந்திகளும் மாதத்தில் ஒரு தரம் றம்மோடு கூடி, இனி வேர் என்ற பேச்சையே எடுப்பதில்லை, மனிதர் மனிதர்தான் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். கிளாசுகள் நிறைந்திருந்ததால் தீர்மானம் ஒவ்வொரு மாதமும் புதிதாக நிறைவேறியது.

அடுத்த வருசம் பேத்தி பிறந்தாள். இரண்டு தாத்தாக்களும் மகப்பேற்று விடுதிக்கு ஒரே லிப்டில் போனார்கள். யசோதினி களைத்துப்போய்க் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். லூடோவிக் பால்போத்தல் கழுவப் போயிருந்தான். தொட்டிலில் பிள்ளை தொப்பியோடு நித்திரை.

இருவரும் இரண்டு பக்கத்தாலும் குனிந்தார்கள். வரதராசா கொஞ்சுவதுபோல ஒரு விரலால் தொப்பியை மெல்ல உயர்த்தி, வலது காதின் நுனியைப் பார்த்தார். பார்த்து முடித்து நிமிர்ந்தபோதுதான், இடது காதில் றொஜரின் விரல் இருப்பதைக் கண்டார்.

“நீங்களுமா?”

றொஜர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “எங்கள் ஊரில் காது நுனியைப் பார்த்தால், பிள்ளை வளர்ந்து என்ன நிறத்துக்கு வரும் என்று தெரிந்துவிடும்.”

“எங்கள் ஊரிலும் அப்படித்தான்.”

“இந்தப் பக்கம் பரவாயில்லை. வெளிச்சமாகத்தான் இருக்கிறது.”

“இந்தப் பக்கமும் மோசமில்லை. நல்ல நிறமாய்த்தான் வருவாள்.”

ஆபிரிக்க மண்ணைக் கும்பிட்டவரும், தொன்மைத் தமிழ்க் குடியைக் கண்டுபிடித்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்கள். “நகத்தின் அடியையும் பார்த்தால் நிச்சயமாகச் சொல்லலாம்,” என்று றொஜர் பிள்ளையின் கையைத் தேடினார்.

கட்டிலில் யசோதினி கண்ணைத் திறந்தாள். இருவரும் கையை எடுத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகி நின்றார்கள். அவள் வழமைக்கு மாறாகத் தமிழில் சொன்னாள்.

“காதை நான் நேற்றே பாத்திட்டன் அப்பா. நகத்தை லூடோ பாத்தவர்.”